இரண்டு எண்களுக்கு நடுவே

இதய லயக் கோளாறுகளுக்குச் சிகிச்சை செய்யும் கேத் லேபுக்குள் முதல் தடவை நுழைபவரின் கண் திரைகளின் மேல்தான் விழும். பத்துப் பன்னிரண்டு கோடுகள் வண்ணம் வண்ணமாக ஓடிக்கொண்டிருக்கும். தொடைச் சிரையின் வழியாக இதயத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும் கதீட்டர்களின் நுனியிலிருந்து வரும் மின்துடிப்பை, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து காட்டும் கோடுகள் அவை. அதே திரைகளில் ஒன்றின் மூலையில் 118/76 என்று ஓர் எண் இருக்கும். அது மட்டும் ஓடாமல் நின்றுகொண்டிருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் 10:42 என்று ஒரு நேரம். சுவர்க் கடிகாரத்தில் மணி 10:45.

அந்த மூன்று நிமிட இடைவெளிதான் இந்தக் கட்டுரையின் பொருள். புஜத்தில் சுற்றிய பட்டை ஊதி இறங்கித் தரும் ரத்த அழுத்தத்தை ஊரில் எல்லோரும் அறிவோம். மெடிக்கல் ஷாப்பில்கூட அந்தக் கருவி கிடைக்கிறது. ஆனால் லயக் கோளாறு சிகிச்சையின் வேலை வேறு மாதிரியானது. மற்ற அறுவை அரங்குகளில் துடிப்பு தடுமாறினால் எல்லோரும் பதறுவார்கள். இங்கே முதலில் அதைத் தடுமாற வைக்க வேண்டும். கோளாறு வெளிப்பட்டால்தான் அது எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தேட முடியும். ஆகவே மருத்துவர் கதீட்டர் வழியாகச் சிறு மின்தூண்டல்களைக் கொடுத்து, வேண்டுமென்றே இதயத்தை நிமிடத்துக்கு 180, 200 தடவை ஓட வைக்கிறார். அப்படி ஓடும் இதயத்தில் அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், திரை 10:42 மணிக் கணக்கைக் காட்டுகிறது. நிமிடத்துக்கு 180 என்றால் மூன்று நிமிடத்தில் 540 துடிப்புகள். அவற்றில் ஒன்றைக்கூட அந்த எண் பார்த்ததில்லை.

ரத்த அழுத்தத்தை முதலில் அளந்தவர் தமனியைத் துளைத்து அளக்கும் ஊசிக்காரர்தான், பட்டைக்காரர் அல்லர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீளமான கண்ணாடிக் குழாயை நிறுத்திப் பார்த்தார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. நின்றது என்பதுகூடத் தவறு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கியது. 1733-ல் அவர் அதை நூலாக வெளியிட்டார். 1828-ல் பாரிஸில் புவாசோய் அந்த உயரக் குழாயைப் பாதரசம் நிரப்பிய சிறு குழாயாகச் சுருக்கினார். இன்றும் நாம் மி.மீ. பாதரசம் என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

தோலைத் துளைக்காத அளவை 1896-ல் வந்தது. இத்தாலியின் டூரின் நகரில் ஷிப்பியோனே ரீவா-ரோச்சி, சைக்கிள் டியூப் ரப்பரைப் புஜத்தில் சுற்றிக் காற்றடித்தார். மணிக்கட்டில் நாடி எப்போது மறைகிறது, எப்போது திரும்புகிறது என்று விரலால் தொட்டுக் கணக்கிட்டார். 1901-ல் இத்தாலிக்கு வந்த அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அதைப் பார்த்துப் பால்டிமோருக்குக் கொண்டுபோனார். அறுவை அரங்குக்குள் ரத்த அழுத்தம் நுழைந்த கதையில் அந்தப் பயணத்துக்கு முக்கிய இடம் உண்டு. 1905-ல் ரஷ்ய ராணுவ மருத்துவர் நிகொலாய் கொரோத்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்தால் தட்டும் ஓசை கேட்கிறது என்று ஒரு பக்கத்துக்கும் குறைவான அறிக்கையில் சொன்னார். மேல் பிரஷர், கீழ் பிரஷர் இரண்டும் அன்றுதான் காதுக்கு எட்டின.

இன்று லேபில் இருப்பது கொரோத்கோவின் ஓசை இல்லை. 1976-ல் சந்தைக்கு வந்த டைனாமேப் என்ற தானியங்கிக் கருவியின் வாரிசுகள்தான் இப்போது எங்கும். இவை எதையும் கேட்பதில்லை. பட்டை இறங்கும்போது, அடியில் தமனி துடிப்பதால் பட்டையின் காற்றில் மெல்லிய அதிர்வு எழும். இறங்க இறங்க அந்த அதிர்வு பெரிதாகி, ஓர் உச்சத்தைத் தொட்டு, மறுபடி சிறிதாகும். உச்சம் எந்த அழுத்தத்தில் வந்ததோ அதுவே சராசரி அழுத்தம். அதை மட்டும்தான் கருவி உண்மையில் அளக்கிறது. மேல் எண்ணும் கீழ் எண்ணும் அந்த அதிர்வின் வடிவத்திலிருந்து கணக்குப் போட்டு வருவிக்கப்படுபவை. கணக்கு எப்படி என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதம். பெரும்பாலும் வெளியே சொல்லப்படாத விதம். திரையில் பெரிய எழுத்தில் 118/76 என்றும், அடைப்புக்குறிக்குள் சின்னதாகச் சராசரி 90 என்றும் வரும்போது, அளந்த எண் சிறிதாகவும் ஊகித்த எண்கள் பெரிதாகவும் அச்சாகின்றன என்பது எனக்கு எப்போதும் விந்தையாகவே படுகிறது.

இந்த முறைக்குள் ஒரு நம்பிக்கை புதைந்திருக்கிறது: அளந்து முடிக்கும் அரை நிமிடமும் எல்லாத் துடிப்பும் ஒன்றுபோல இருக்கும் என்ற நம்பிக்கை. டைனாமேப் வகைக் கருவிகள் படிப்படியாகக் காற்றை இறக்கும். ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு அதிர்வுகள் அடுத்தடுத்து வந்தால்தான் அடுத்த படிக்குப் போகும். நோயாளி கையை அசைத்ததால் வந்த பொய் அதிர்வைக் கழிக்க வகுத்த உபாயம் அது. சீராகத் துடிக்கும் இதயத்துக்கு நல்ல உபாயம்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் மேலறை நடுக்கம் உள்ளவருக்கு என்ன ஆகும்? அங்கே ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் ஒழுங்கில்லாமல் மாறுகிறது. இடைவெளி நீண்டால் கீழறை நன்றாக நிரம்பி, அடுத்த துடிப்பு வலுவாக வரும். இடைவெளி குறுகினால் பாதி நிரம்பிய அறை சுருங்கும். நாடியே எட்டாமல் போகலாம். ஒரே அளவான இரண்டு துடிப்புகளுக்காகக் கருவி காத்திருக்கும், வராது, மறுபடி ஊதும். நோயாளியின் நோயையே கருவி குறுக்கீடாக எண்ணிக் கழித்துக்கொண்டிருக்கும்.

இதில் அடிப்படைச் சிக்கல் ஒன்றும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு 'இதுதான் ரத்த அழுத்தம்' என்று ஒற்றை எண்ணைச் சொல்வதற்கே பொருள் குறைவு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அழுத்தம் இருக்கிறது. அதனால்தான் வெளிநோயாளர் பிரிவுக்கான வழிகாட்டுதல்கள், மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்கு மூன்று முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்கின்றன. இப்படிச் சராசரி எடுத்தால் தானியங்கிப் பட்டை அவ்வளவு மோசமில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. 2012-ல் ஸ்டெர்கியூ குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மேலறை நடுக்கத்தில் மேல் எண் ஓரளவு ஒத்துவந்தது. கீழ் எண்ணைத்தான் கருவி சற்றுக் கூட்டிச் சொன்னது.

ஆக, பொறுமை இருந்தால் துல்லியம் கிடைக்கும். மூன்று முறை அளக்க இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். கிளினிக்கில் அந்த நேரம் இருக்கிறது. கதீட்டர் உள்ளே இருக்கும்போது இல்லை. பட்டை சரியா தவறா என்ற விவாதம் பல வருடமாக நடக்கிறது; லேபைப் பொறுத்தவரை அந்த விவாதம் பாதிக் கேள்வியைத்தான் தொடுகிறது என்று நினைக்கிறேன். பட்டையின் எண் சரியாகவே இருக்கலாம். அது எப்போதைய எண் என்பதுதான் மீதிக் கேள்வி.

ஒரு சாதாரண உதாரணம். இளம்வயதில் திடீர் திடீரென்று படபடக்கும் நோய்களில் பரவலானது, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கணுவுக்குள்ளேயே மின்சாரம் வட்டமடிக்கும் கோளாறு. அதைத் தூண்டிவிட்ட மறு நொடியே அழுத்தம் சட்டென்று விழும். மேலறையும் கீழறையும் ஒரே நேரத்தில் சுருங்குவதால் மேலறையின் உந்துதல் வீணாகிறது. பிறகு கழுத்துத் தமனியில் இருக்கும் அழுத்த உணரிகள் விழித்துக்கொள்ள, ரத்தக் குழாய்கள் இறுகி, அரை நிமிடத்துக்குள் அழுத்தம் பெரும்பாலும் ஓரளவு தேறிவிடும். இந்த நேரத்தில் யாரோ ஒருவர் பொத்தானை அழுத்திப் பட்டையை ஊதவிட்டார் என்று வையுங்கள். மேல் எண்ணுக்கான அதிர்வுகள் வீழ்ச்சியின்போது எடுக்கப்பட்டவை; கீழ் எண்ணுக்கானவை தேறிய பிறகு எடுக்கப்பட்டவை. வரும் ஜோடி எண், எந்த ஒரு கணத்திலும் அந்த உடம்பில் இருந்ததே இல்லை.

இந்தக் கோளாறில் அது பெரிய விஷயமில்லை. இதயம் நல்ல இதயம். தசையில் தழும்பு இல்லை. பேசிக்கொண்டே படுத்திருக்கும் நோயாளி "மயக்கமா வருது சார்" என்று சொல்லிவிடுவார். அந்த வாக்கியத்தை விட வேகமான மானிட்டர் இதுவரை வரவில்லை. இதற்கெல்லாம் பட்டை போதும். பேஸ்மேக்கர் பொருத்துவதற்கும் பெரும்பாலும் போதும்.

மாரடைப்பில் ஒரு பகுதி செத்துத் தழும்பான கீழறையிலிருந்து கிளம்பும் வேகத்துடிப்பு வேறு ரகம். இதயம் ஏற்கெனவே பலவீனம். தூண்டிவிட்டால் அழுத்தம் 50-க்கு இறங்கலாம், இல்லாமலே போகலாம். மூளைக்கு ரத்தம் முற்றிலும் நின்றால் ஆறு முதல் எட்டு நொடிக்குள் நினைவு தப்பும். அந்தத் துடிப்பை ஓடவிட்டபடியே அதன் பாதையை வரைபடமாக்க எத்தனை நிமிடம் கிடைக்கும், எப்போது வேகமாகத் தூண்டி நிறுத்த வேண்டும், எப்போது ஷாக் கொடுக்க வேண்டும் என்ற முடிவுகள் நொடிக்கு நொடி அழுத்தத்தைப் பார்த்து எடுக்கப்படுபவை. தாங்காது என்று தெரிந்தால் தூண்டாமலே, சீரான லயத்திலேயே தழும்பை மட்டும் வரைந்து சுடுவதும் உண்டு. இந்த அறையில் பட்டையை நம்பி வேலை செய்யும் மருத்துவரை நான் துணிச்சல்காரர் என்று சொல்ல மாட்டேன்.

இவற்றுக்கு நடுவில் இருக்கிறது மேலறை நடுக்கத்துக்கான அப்லேஷன். 1998-ல் போர்தோ நகரில் ஹாய்சகேர் குழுவினர், நடுக்கத்தைக் கிளப்பும் பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்து வருகின்றன என்று காட்டிய பிறகு, அந்த வாய்களைச் சுற்றிச் சுட்டுத் துண்டிப்பது உலகெங்கும் பரவியது. லேபுகளின் நாட்குறிப்பில் இன்று அதிக இடம் பிடிப்பது இதுதான். பட்டையா ஊசியா என்ற தகராறு முழுக்க இதன் மேல்தான்.

இதில் அழுத்தம் விழக் காரணங்கள் பல, அவை ஒன்று மற்றொன்றின் வேஷத்தைப் போட்டுக்கொள்ளும். மயக்கத்துக்குக் கொடுத்த புரோபோஃபால் அழுத்தத்தை இறக்கும். ஒளிந்த பொறியைக் கிளப்பக் கொடுக்கும் ஐசோபுரோட்டரினால் துடிப்பை ஏற்றிவிட்டுக் குழாய்களைத் தளர்த்தும். சிரை வாய்களின் அருகே வேகஸ் நரம்பின் கிளைமுடிச்சுகள் இருப்பதால், அங்கே சுட்டாலோ உறைய வைத்தாலோ துடிப்பு படுத்துவிடும், அழுத்தமும் கூடவே படுக்கும். இவை எல்லாம் வந்துபோகும் விருந்தாளிகள். வீட்டையே காலி செய்யும் விருந்தாளி ஒன்று உண்டு: டாம்பொனேட்.

இதயத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது; வழக்கமாக அதற்குள் சில தேக்கரண்டி திரவம் இருக்கும். இடது மேலறைக்குப் போக நடுச்சுவரைத் துளைக்கும்போதோ, சுடும்போது தசைக்குள் நீராவி வெடிக்கும்போதோ சுவரில் ஓட்டை விழுந்தால், அந்த உறைக்குள் ரத்தம் கசியும். உறை சட்டென்று விரியாது. வேகமாகச் சேர்ந்தால் 150, 200 மில்லியே இதயத்தை நசுக்கப் போதும். அந்த நேரத்தில் ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே கசிவு தானாக நிற்காது. நூறு அப்லேஷனுக்கு ஏறக்குறைய ஒன்று என்ற அளவில் நடக்கும் விபத்து இது. தேர்ந்த கைகளில் குறைவு. உடனே ஊசி போட்டு வடித்தால் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்வார்கள். அந்த 'உடனே'யில்தான் எல்லாம் இருக்கிறது.

டாம்பொனேட்டின் தொடக்கத்தில் உடம்பு சமாளிக்கும். துடிப்பு ஏறும், குழாய்கள் இறுகும். மேல் எண் சிறிது நேரம் நல்ல பிள்ளையாக நிற்கும். ஆனால் தமனிக்குள் குழாய் இருந்தால் திரையில் ஓடும் அலை முன்பே கதை சொல்லத் தொடங்கும். அலையின் உயரம் குறுகும். மூச்சிழுக்கும்போது மேல் எண் 10 மி.மீ.க்கு மேல் சரிந்து, விடும்போது ஏறும். பட்டைக்கு இது தெரியவே வழியில்லை, ஏனென்றால் பல மூச்சுகளைச் சேர்த்துக் குழைத்து ஓர் எண் தருவதே அதன் தொழில். இன்னொரு பொறி: உறைக்குள் வந்த ரத்தமே வேகஸைத் தூண்டித் துடிப்பைக் குறைக்கலாம். பார்ப்பவர் "வேகல் தான், அட்ரோபின் கொடுங்க" என்று நினைப்பார். துடிப்பு ஏறிய பிறகும் அழுத்தம் ஏறவில்லை என்றால் அது வேகஸின் வேலை இல்லை. இந்த முடிவுக்கு வர ஒருவருக்குத் தேவை, முப்பது நொடிக்குள் ஐந்தாறு அளவுகள். பட்டை அதே நேரத்தில் கொடுப்பது ஒன்று. அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டால் அந்த ஒன்றும் வராது. ஊதி, தேடி, மறுபடி ஊதி, கடைசியில் எண் இருக்க வேண்டிய இடத்தில் கோடுகள் வரும். பட்டையைப் புஜத்தில் சரிசெய்ய ஒருவர் குனிவார். உண்மையில் கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இதற்கு மறுமொழியாக ஒன்று சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. இதயத்துக்குள்ளேயே வைக்கும் அல்ட்ராசவுண்ட் கதீட்டர் இருந்தால், அழுத்தம் விழும் முன்பே உறைக்குள் கருப்புப் பட்டையாக ரத்தம் சேர்வது தெரியும். எக்ஸ்ரே திரையில் இதயத்தின் ஓரம் அசையாமல் உறைந்து நிற்பதைப் பார்த்தே கண்டுபிடிக்கும் மூத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதீட்டர் ஒருமுறை பயன்பாட்டுக்கானது, விலை அதிகம், எல்லா லேபிலும் எல்லா நோயாளிக்கும் திறப்பதில்லை. திறந்தாலும் அது வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது உறையைப் பார்க்காது.

அப்படியானால் எல்லோருக்கும் மணிக்கட்டுத் தமனியில் ஒரு குழாயைப் போட்டுவிட வேண்டியதுதானே? 1953-ல் செல்டிங்கர் என்பவர், கம்பி வழியாகக் குழாய் செருகும் முறையைச் சொன்ன பிறகு அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆனால் விலை இருக்கிறது. 2002-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், மணிக்கட்டுக் குழாய்க்குப் பிறகு தமனி தற்காலிகமாக அடைபடுவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நேர்ந்தது. கைக்கு நிலையான சேதம் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. முழு அளவு ஹெப்பாரின் ஓடும்போது மணிக்கட்டில் ரத்தம் கட்டும். முதியவர்களின் கோணலான தமனியில் மூன்று நான்கு குத்து ஆகும். அப்லேஷனை விட அந்த மணிக்கட்டைத்தான் வீட்டுக்குப் போன பிறகு நினைத்துக்கொள்வார்கள். நாளைக்கு அதே தமனி வழியாக ஆஞ்சியோ தேவைப்படலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

குழாய் தெய்வமும் அல்ல. இடையில் ஒரு காற்றுக்குமிழி, ஒரு சிறு ரத்தக்கட்டி, ஒரு மடிப்பு இருந்தால் அலை மழுங்கி மேல் எண் குறைவாகக் காட்டும். குழாய் நீளமாக இருந்தால் அலை துள்ளிக் கூடுதலாகக் காட்டும். இரண்டிலும் சராசரி மட்டும் அதிகம் ஏமாற்றாது. அளக்கும் உணரி இதய மட்டத்தில் இருக்க வேண்டும், 10 செ.மீ. கீழே இறங்கினால் ஏறக்குறைய 7.5 மி.மீ. கூடக் காட்டும். லேபில் மேஜையை ஏற்றுவதும் இறக்குவதும் எக்ஸ்ரே கோணத்துக்காக நாள் முழுக்க நடக்கும். உணரியைக் கம்பத்தில் கட்டிவிட்டு மேஜையை மட்டும் ஏற்றினால், நோயாளிக்கு எதுவும் ஆகாமலே அழுத்தம் மாறிவிடும். இதனால் மருந்து ஏற்றப்பட்ட சம்பவங்கள் எல்லா லேபிலும் உண்டு, யாரும் எழுதி வைப்பதில்லை.

இடது கீழறைக்குத் தொடைத் தமனி வழியாகவே போகும் சிகிச்சைகளில் ஒரு சௌகரியம்: அந்த உறைக்குழாயின் பக்கக் கிளையிலேயே அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம். மேலறை நடுக்கத்தில் வேலை முழுக்கச் சிரை வழி. அந்தச் சலுகை கிடையாது.

பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றைக் கண்டவர் செக் நாட்டின் பிர்னோ நகர உடலியங்கியல் அறிஞர் யான் பெனாஸ். 1973-ல் அவர் விளக்கிய யோசனை அழகானது. விரலில் ஒரு குட்டிப் பட்டை. அதற்குள் ஒளிவிளக்கும் ஒளியுணரியும். ஒவ்வொரு துடிப்பிலும் விரல் தமனி விரியப் பார்க்கும். ஒளி அதை உணர்ந்ததும் பட்டை அதே கணத்தில் அதே அளவு அழுத்தி, விரிய விடாது. தமனி சுருங்கப் பார்த்தால் பட்டை தளரும். தமனியின் பருமன் மாறாமல் பிடித்துவைக்கப் பட்டை எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறதோ, அதுவே தமனிக்குள் இருக்கும் அழுத்தம். துளைக்காமலே துடிப்புக்குத் துடிப்பு அலை கிடைத்துவிட்டது. நெதர்லாந்தில் வெசலிங் குழுவினர் அதைக் கருவியாக்கினர். ஃபினாப்ரெஸ் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. இன்றைய கிளியர்சைட், சி.என்.ஏ.பி. எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

லயத் துறையில் இந்த விரல் பட்டை ஏற்கெனவே ஓரிடத்தில் சொந்த வீடு கட்டிக் குடியேறிவிட்டது: சாய்மேஜைச் சோதனை. திடீர் மயக்கத்துக்குக் காரணம் தேட, நோயாளியை மேஜையில் கட்டி 60, 70 பாகை நிமிர்த்தி வைக்கும் இந்தச் சோதனையை லண்டனில் கென்னி, சட்டன் முதலியோர் 1986-ல் அறிமுகப்படுத்தினர். அழுத்தம் முதலில் விழுந்ததா, துடிப்பு முதலில் நின்றதா என்பதுதான் அங்கே கேள்வி. வித்தியாசம் சில நொடி. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2018 வழிகாட்டுதல் துடிப்புக்குத் துடிப்பு அளக்கும் துளையிடாத கருவியைத்தான் விரும்புகிறது. ஊசி குத்தினாலே சிலருக்கு மயக்கம் வரும் என்பதால் குழாய் போடுவது சோதனையையே கெடுக்கும். இன்னொரு நல்ல வேலை: இரு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டும் பேஸ்மேக்கரில் மேலறைக்கும் கீழறைக்கும் எவ்வளவு இடைவெளி வைப்பது என்று, விரல் அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து லண்டனில் சிலர் தேர்ந்தெடுத்துக் காட்டினார்கள். அங்கே தேவை சரியான எண் அல்ல. ஓர் அமைப்பிலிருந்து அடுத்ததற்கு மாற்றும்போது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மட்டும்.

அப்லேஷன் மேஜையில் இதன் ஜாதகம் அவ்வளவு பிரகாசமில்லை. 2014-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இந்த வகைக் கருவிகளைத் தமனிக் குழாயோடு ஒப்பிட்டது. ஏற்கத்தக்க எல்லை: சராசரி வேறுபாடு 5 மி.மீ.க்குள், சிதறல் 8-க்குள். மேல் எண்ணில் சராசரி வேறுபாடு சொற்பம்தான். ஆனால் சிதறல் 12 மி.மீ. அளவில் இருந்தது. அதாவது நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் சரி. உங்கள் முன்னால் படுத்திருக்கும் ஒருவருக்கு எவ்வளவு தள்ளி இருக்கும் என்று சொல்ல முடியாது. லேப்கள் கணினிகளுக்காகக் குளிரூட்டப்பட்டவை, விரல் சில்லிடும். அழுத்தம் விழுந்ததும் கொடுக்கும் நோரட்ரினலின், ஃபீனைலெஃப்ரின் ஆகியவை விரல் தமனியை முதலில் சுருக்கும். கருவி மிகவும் தேவைப்படும் கணத்தில் அதன் கண் மங்கும். சில கருவிகள் அவ்வப்போது புஜப் பட்டையோடு ஒத்துப்பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. மேலறை நடுக்கத்தில் புஜப் பட்டை தடுமாறிக் கொடுத்த எண்ணை வாங்கித் திருத்திக்கொண்டால், பிறகு வரும் ஒவ்வொரு துடிப்பும் அந்தப் பிழையைச் சுமந்து வரும்.

ஆனாலும் நான் அதை ஒதுக்கமாட்டேன். எண்ணை நம்பாமல் சரிவை நம்பினால் அது நல்ல காவலாளி. 110 காட்டியது 80 ஆனால், உண்மை 125-லிருந்து 95-ஆக இருக்கலாம். எப்படியோ ஏதோ நடந்திருக்கிறது, திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. காவலாளியிடம் திருடனின் உயரத்தை அங்குலக் கணக்கில் கேட்க வேண்டியதில்லை.

செலவில்லாத காவலாளி ஒருவர் ஏற்கெனவே எல்லோர் விரலிலும் இருக்கிறார். 1970-களில் ஜப்பானின் தகுவோ ஆவோயாகி கண்ட பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் அளவை மட்டும் சொல்வதில்லை. அதன் அலை ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் விரலை எட்டியதா என்பதையும் காட்டும். வேகத்துடிப்பைத் தூண்டியதும் ஈ.சி.ஜி. ஓடுகிறது, விரல் அலை தட்டையாகிறது என்றால் ரத்தம் போகவில்லை. எண் தெரியாது, செய்தி தெரியும். உடம்புக்குள் பொருத்திய, தானே ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. கருவியைச் சோதிக்க வேண்டுமென்றே கீழறையை நடுங்க வைக்கும்போது பல இடங்களில் கண்கள் இந்த அலையின் மேல்தான் இருக்கும். அந்தச் சோதனையே இப்போது அருகி வருகிறது. 2015-ல் வெளியான சிம்பிள் ஆய்வு, அதனால் பின்னாளில் கூடுதல் பலன் இல்லை என்று காட்டியது. ஒரு சின்ன எச்சரிக்கை: ஆக்சிமீட்டரும் பட்டையும் ஒரே கையில் இருந்தால், பட்டை ஊதும் ஒவ்வொரு முறையும் அலை படுத்து அலாரம் அடிக்கும். பத்தாவது அலாரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பட்டையே இல்லாமல், ஈ.சி.ஜி.யிலிருந்து விரலுக்கு நாடி வந்து சேரும் நேரத்தை வைத்து அழுத்தத்தை ஊகிக்கும் கைக்கடிகாரங்களைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தக் கழகம் 2022-ல், பட்டையற்ற கருவிகளை நோயறியவோ சிகிச்சை முடிவெடுக்கவோ பயன்படுத்த வேண்டாம் என்றது. வீட்டிலேயே அப்படி என்றால் லேபில் சொல்லவே வேண்டாம்.

பல்ஸ்டு ஃபீல்டு அப்லேஷன் இந்தக் கணக்கைச் சற்று மாற்றியிருக்கிறது. சுடாமல், உறைய வைக்காமல், நொடியின் சிறு பகுதியில் பாயும் மின்புலத்தால் செல்களைக் கொல்லும் முறை. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் முதல் அனுமதி கிடைத்தது. சிகிச்சை நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு மணி நேர வேலைக்குக் கால் மணி நேரம் செலவழித்து மணிக்கட்டில் குத்துவானேன் என்ற எண்ணம் இயல்பாக வருகிறது. ஆனால் நடுச்சுவரைத் துளைப்பது அப்படியேதான் இருக்கிறது, ஹெப்பாரினும் அப்படியே. மின்புலம் பாய்ந்ததும் வேகஸ் துள்ளித் துடிப்பு நிற்பது பழக்கமான காட்சி. இதயத் தமனிகளுக்கு அருகில் செலுத்தும்போது அவை இறுகிவிடாமல் தடுக்க நைட்ரோகிளிசரின் கொடுக்கிறார்கள். அது அழுத்தத்தைச் சட்டென்று தள்ளிவிடும். நேரம் சுருங்கியது, சரிவுகள் அந்தச் சுருங்கிய நேரத்துக்குள் நெருக்கமாகிவிட்டன. அடிப்படைக் கண்காணிப்புக்கு அமெரிக்க மயக்கவியல் சங்கம் வைக்கும் எல்லை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது என்பது. இந்தச் சிகிச்சையில் ஐந்து நிமிடம் என்பது ஒரு முழு அத்தியாயம்.

என் எண்ணம் இது. நல்ல இதயம், விழித்திருக்கும் நோயாளி, வலப்பக்க வேலை என்றால் பட்டை. தழும்பேறிய கீழறை என்றால் குழாய், விவாதமில்லாமல். மேலறை நடுக்கத்துக்கு முழு மயக்கம் கொடுத்து, இதயத்தின் பலமும் குறைவாக இருந்தால் குழாய். மற்றவர்களுக்கு விரல் பட்டை, அல்லது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புஜப் பட்டையும் அதோடு உள் அல்ட்ராசவுண்டும். நடுச்சுவரைத் துளைத்த அடுத்த பத்து நிமிடத்துக்கு இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம்; கை சிவந்தால் சிவக்கட்டும். விடாது ஊதினால் தோலடியில் ரத்தப் புள்ளிகள் வரும், முழங்கை நரம்பு நசுங்கும் என்பதால் அதையே முழு நேரமும் நீட்டிக்க முடியாது.

இவ்வளவுக்கும் முன்னால் பட்டையின் அளவைப் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் காற்றுப்பையின் அகலம் புஜச் சுற்றளவில் 40 சதவீதமாவது வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் எண் கூடிவரும். விழுந்த அழுத்தம் விழாததுபோலத் தெரியும். கைகள் பச்சைத் துணிக்குள் உடம்போடு சேர்த்துக் கட்டியிருக்கும்; மருத்துவர் அந்தத் துணிமேல் சாய்ந்து நின்று வேலை செய்வார்; அவர் இடுப்பு பட்டையின் குழாயை அழுத்திக்கொண்டிருக்கும்.

இந்தத் தானியங்கிக் கருவிகள் சந்தைக்கு வரும் முன் ஒரு சர்வதேசத் தேர்வை எழுத வேண்டும்: குறைந்தது 85 பேர், வேறுபாடு 5, சிதறல் 8. தொடர்ந்து அளக்கும் கருவிகளுக்கென்று தனி நெறி 2022-ல்தான் வந்தது. பொதுத் தேர்வில் உட்காரவைக்கப்படுபவர்கள் சீரான லயம் உள்ளவர்கள். மேலறை நடுக்கம் உள்ளவர்களைத் தனி இனமாகக் கருதித் தனியே சோதிக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட கருத்து. சோதித்த கருவிகள் சொற்பம். லயம் ஒழுங்கற்று இருந்தால் அளவு தவறலாம் என்று கருவியோடு வரும் கையேட்டில் ஒரு வரி இருக்கும். அந்த லேபுக்கு வருபவர்கள் எல்லோருமே லயம் கெட்டதால் வருபவர்கள். கையேடு, கருவி வந்த அட்டைப்பெட்டியோடு ஸ்டோர் ரூமில் இருக்கிறது.